ஊரை விட்டுப் புறப்படும் பெண்ணின் பையில் எந்தப் பயண நூலை வைப்பது?

பாலாற்றங்கரை

என் தங்கை மகள் மேற்படிப்புக்காகக் கௌகாத்திக்குப் போகிறாள். சத்துவாச்சாரியிலேயே பிறந்து வளர்ந்த பெண். இதுவரை தனியாகப் போன தூரம் சென்னை மட்டும்தான். இப்போது காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு இரவுகளைக் கடந்துதான் இறங்க வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு சாமான் வாங்கித் தருகிறார்கள். என் பங்கு புத்தகம். "பயணத்தைப் பற்றியதாகக் கொடுங்கள் மாமா. ஆனால் மூன்றுக்கு மேல் வேண்டாம், பெட்டி கனக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

எந்த ஊரில் என்ன பார்க்கலாம், எங்கே தங்கலாம் என்று சொல்லும் கையேடுகள் வேண்டாம். அதற்குக் கைப்பேசி போதும். தெரியாத ஊருக்குப் போகிறவளுக்குக் கண்ணைத் திறந்துவிடுகிற புத்தகம் வேண்டும். அச்சத்தையும் மதித்து, ஆவலையும் கிளப்புவதாக இருக்க வேண்டும். தமிழில் படிக்கக் கிடைத்தால் நல்லது. ஒரு புத்தகம் ஏ.கே. செட்டியார் எழுதியது என்று முடிவு செய்துவிட்டேன். மற்ற இரண்டையும் நீங்கள் சொல்லுங்கள்.

காட்பாடி சந்திப்பு

செட்டியாரைத் தேர்ந்தெடுத்தீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. பயணக்கட்டுரை என்ற பெயரில் தன் படத்தை ஒட்டிக்கொள்கிறவர்கள் நிறைய உண்டு. அவர் அப்படிப்பட்டவர் அல்லர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937இல் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. காந்தி பதிவான படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940இல் படத்தை வெளியிட்டார். இவ்வளவும் செய்த மனிதரின் எழுத்தில் 'நான்' என்ற சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சின்னச் சின்ன வாக்கியங்கள். பக்கத்தில் உட்கார்ந்த பயணி என்ன கேட்டார், கடைக்காரர் என்ன பதில் சொன்னார் என்பதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஓர் ஊரைப் பார்க்கும் முறை அதில் இருக்கிறது. முதன்முதலாக வெளியூர் போகும் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்?

இரண்டாவதாக நான் சொல்வது 'நடந்தாய் வாழி காவேரி'. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதியது. குடகிலிருந்து பூம்புகார் வரை ஓர் ஆற்றின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் தண்ணீர் ஓடும் ஓர் ஆற்றை ஆதியோடந்தமாகப் படிக்கட்டும். அவள் போகிற ஊரில் பிரம்மபுத்திரா இருக்கிறது. கரையில் போய் நின்றால் ஆற்றை எப்படிக் கேட்பது என்று தெரிந்திருக்கும்.

திருவல்லத்தான்

இவ்வளவு கனமாக யோசிக்க வேண்டுமா ஐயா? பதினெட்டு வயதில் ஒருவரைப் புறப்பட வைப்பது வந்தியத்தேவன்தான். ஆடிப்பெருக்கு நாள், வீராணம் ஏரிக்கரை, குதிரை மேல் ஓர் இளைஞன், மடியில் ஓலை. 1950இல் கல்கி 'பொன்னியின் செல்வன்' நாவலில் தொடங்கிய அந்தப் பயணம் கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று ஓடிக் கடலையும் தாண்டி இலங்கைக்குப் போகிறது. அவன் வாணர் குலத்தவன். எங்கள் திருவல்லம் கோயிலில் வாணர் கல்வெட்டுகள் இருக்கின்றன. பொன்னையாற்றங்கரையில் மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டனார் அரிஞ்சயனுக்காக எழுப்பிய கற்றளி நிற்கிறது. இந்த மண்ணிலிருந்து புறப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டுதான் நாங்கள் அந்தக் கதையைப் படித்தோம். படித்த கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு மேல்பாடிக்குப் போனோம். புத்தகம் செய்ய வேண்டிய வேலை அதுதானே?

ஜவ்வாது நடை

மன்னிக்க வேண்டும், நான் மாற்றித்தான் சொல்வேன். வந்தியத்தேவனுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் ஆழ்வார்க்கடியான் வந்து நிற்பான். உண்மையான வழியில் அப்படி யாரும் வருவதில்லை. ஐந்து பாகத்தையும் சாய்வு நாற்காலியில் முடித்துவிட்டு, ஜமுனாமரத்தூருக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாதவர்கள் எத்தனையோ பேர். காவலூரில், வேலூரிலிருந்து ஒரே பகலில் போய்வரும் தூரத்தில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986இலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விண்வெளிப் பயணக் கதைகளை விழுந்து விழுந்து படிக்கிறவர்கள்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. படிப்பு காலை அசைக்காவிட்டால் எதற்கு? அந்தப் பெண்ணுக்கு நல்ல காலணி ஒன்று வாங்கிக் கொடுங்கள். போகட்டும், பார்க்கட்டும். பிறகு படித்துக்கொள்ளலாம்.

காட்பாடி சந்திப்பு

காலணியை வேறு யாராவது வாங்கித் தருவார்கள் தம்பி. புத்தகம் வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டிருக்கிறாள்.

நவிரமலை

செங்கத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். இவ்வளவு பேசிவிட்டு நம் வட ஆற்காட்டு மண்ணிலேயே எழுந்த பயண நூலை ஒருவரும் சொல்லவில்லையே என்ற ஆதங்கத்தில்தான் வருகிறேன். மலைபடுகடாம்.

பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடிகள். பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிர மலையைத்தான் நாம் பர்வதமலை என்கிறோம். பாட்டில் ஓடும் சேயாறு இன்றும் அதே பெயரில் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றியபோதுதான் இது பலர் கைக்கும் வந்தது.

இதை மன்னனைப் புகழ்கிற பாட்டு என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். திறந்து பாருங்கள். நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற கூத்தன் ஒருவன், எதிரே பசியோடு வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்தைப் பார்க்கிறான். நான் போய்வந்தேன், நீங்களும் போங்கள் என்று சொல்லி, வழியை அடி அடியாக விளக்குகிறான். இப்படி வழி சொல்லி அனுப்புகிற பாட்டைத்தான் ஆற்றுப்படை என்கிறோம். மன்னனின் பெருமையைவிட வழியின் நிலைமைதான் பாட்டில் பெரும் இடத்தைப் பிடித்திருக்கிறது.

என்னென்ன சொல்கிறான் என்று பாருங்கள். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியில் இருக்கும், ஆகவே இருட்டில் நடக்காதீர்கள், விடிந்த பிறகு போங்கள். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், அது கூற்றுவனைப் போல வரும், மரங்களை மறைவாகக் கொண்டு கடந்து செல்லுங்கள். பாசி படிந்து கால் வழுக்கும் இடத்தில் சிறுமூங்கிலையும் கொறுக்கந்தட்டையையும் பற்றிக்கொண்டு நடங்கள். பொழுது சாய்ந்துவிட்டால் குகையில் தங்குங்கள். வழி தப்பிவிட்டால் பாறை மேல் ஏறி உங்கள் இசைக்கருவியை வாசியுங்கள். ஒலி கேட்டுக் கானவர்கள் வருவார்கள், உண்ணப் பழமும் சூடப் பூவும் கொடுத்து முன்னே நடந்து வழி காட்டுவார்கள். இந்த ஊரில் மூங்கிலரிசியும் அவரையும் புளியும் சேர்த்த கூழ் கிடைக்கும், அந்த ஊரில் இன்னது கிடைக்கும் என்று சாப்பாடு வரைக்கும் சொல்லிவிடுகிறான்.

ஜவ்வாது நடை தம்பி, இதில் சாய்வு நாற்காலி எங்கே இருக்கிறது? காலில் முள் தைத்தவன் எழுதிய எழுத்து இது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வழி பல கிளைகளாகப் பிரியும் இடத்துக்கு வந்தால், நீங்கள் போகும் வழியைத் துடைத்துச் சுத்தம் செய்து, அங்கே புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள் என்கிறான். பின்னால் வருகிறவர்களும் நாட்டுக்குப் புதியவர்கள், அவர்கள் தடுமாறக் கூடாது அல்லவா? அதே பகுதியில், போரில் இறந்த வீரர்களின் பெயர் பொறித்த நடுகற்கள் வழிநெடுக நிற்பதையும் சொல்கிறான். செங்கத்தைச் சுற்றிக் கிடைத்த நடுகற்களுக்கென்றே தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ஒரு நூல் வெளியிட்டது. பாட்டில் படித்ததை வயல் வரப்பில் தொட்டுப் பார்க்க முடிகிற பாக்கியம் எத்தனை ஊர்க்காரர்களுக்கு வாய்க்கும்? எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே இது தெரியாமல் போவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பாலாற்றங்கரை, உங்கள் மருமகள் பையில் முதலில் இதை வையுங்கள்.

ராணிப்பேட்டை வாசகி

ஐயா, படிக்கப் படிக்க உடனே பஸ் ஏற வேண்டும் போல இருக்கிறது. ஒரு சந்தேகம். சிறுபாணாற்றுப்படையில் வேலூர் என்று ஓர் ஊர் வருகிறதே, அது நம் வேலூர்தானே? அப்படியானால் வட ஆற்காட்டுக்கு இரண்டு ஆற்றுப்படை உண்டு என்று சொல்லலாமா?

நவிரமலை

சொல்ல முடியாது அம்மா. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். பாணன் போகும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று ஊர்கள் வருகின்றன. எயிற்பட்டினம் கடற்கரையில் இருக்கிறது, கிடங்கில் திண்டிவனத்தோடு சேர்ந்தது. அந்த வேலூர் அந்தப் பக்கத்து ஊர்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் நம் கோட்டைக்கு இழுத்து வரக் கூடாது. நமக்கு மலைபடுகடாமே தாராளமாகப் போதும்.

ஜவ்வாது நடை

நவிரமலை ஐயா, புல் முடிந்து போடும் இடத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. நாங்கள் மலையில் நடக்கும்போது ஒற்றையடிப் பாதை பிரியும் இடங்களில் மூன்று கல்லை அடுக்கி வைத்துவிட்டுப் போவோம். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் இல்லை. பின்னால் வரும் நண்பர்களுக்காகச் செய்வது. இதைச் சொல்லும் பாட்டு ஒன்று நாற்பது கல் தொலைவில் பிறந்திருக்கிறது என்று பள்ளியில் ஒருவராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

என் கட்சி மட்டும் மாறவில்லை. நடந்தவர்கள் எழுதியதைத்தான் கொடுக்க வேண்டும். மலைபடுகடாம் அந்தத் தேர்வில் தேறிவிட்டது.

தறிச்சத்தம்

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். இத்தனை பதிவுகளையும் படித்தேன். புறப்படுகிறவள் ஒரு பெண் என்பது முதல் பதிவோடு எல்லாருக்கும் மறந்துவிட்டது. குதிரையில் போகிறவன் ஆண், கப்பலில் போகிறவர் ஆண், காரில் காவிரியைப் பார்க்கப் போகிறவர்களும் ஆண்கள். கூத்தர் கூட்டத்தில் விறலியர் உண்டு என்பது உண்மை. ஆனால் வழி சொல்கிறவன் ஆண்தானே?

ஒரு பெண் தனியாகப் போகும்போது வருகிற கேள்விகள் வேறு. இந்தப் பெட்டியில் யார் இருக்கிறார்கள், இந்த ஊரில் இருட்டிய பிறகு ஆட்டோ கிடைக்குமா, தங்குமிடத்தின் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? இந்தக் கேள்விகளை மதிக்காத புத்தகம் அவளுக்குப் பாதிப் புத்தகம்தான்.

ராகுல் சாங்கிருத்யாயன் எழுதிய 'ஊர்சுற்றிப் புராணம்' தமிழில் கிடைக்கிறது. 1948இல் இந்தியில் எழுதியது. அதில் ஊர்சுற்றும் பெண்களுக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். பெண்ணுக்கு ஊர் சுற்றும் உரிமை ஆணுக்கு இருக்கும் அதே அளவில் உண்டு என்று அந்தக் காலத்திலேயே அடித்துப் பேசுகிறார். பேசியவரும் சாதாரண ஆள் அல்லர். சிறு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, திபெத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், அழியவிருந்த சுவடிகளைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு வந்தவர். இளமையில் திருமழிசை மடத்திலும் தங்கியிருக்கிறார். நமக்குத் தூரத்து ஊர் அல்ல அது.

இன்னொன்று. நம் ஊர் மருத்துவர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை வரலாற்றையும் நான் புறப்பாட்டுக் கதையாகத்தான் படித்தேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்ற வரச் சொல்லி அழைத்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்தவர் இல்லை. மருத்துவரான தந்தை வரலாம் என்றபோது, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவர் கடல் கடந்து போய் மருத்துவம் படித்து, 1900இல் வேலூருக்குத் திரும்பினார். முதலில் மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டார் காரிலும் எங்கள் குடியாத்தம் சாலையில் வந்து, மரத்தடியில் நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். எங்கள் பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் மாறும். தன் வீட்டைத் தாண்டிப் போகும் ஒரு பெண் இன்னும் எத்தனை வீட்டின் கதவைத் திறக்கிறாள் என்பதை அந்தக் குழந்தை படிக்க வேண்டும்.

பாலாற்றங்கரை

அக்கா, உங்கள் பதிவைத் தங்கைக்கும் மருமகளுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். தாழ்ப்பாள் பற்றிய வரி வந்ததும் தங்கை எழுந்து போய் ஒரு சின்னப் பூட்டை எடுத்து வந்து பெட்டியில் வைத்தாள்.

கோட்டை அகழி

தாமதமாக வருகிறேன். பழைய பயணக் குறிப்புகளைத் தேடிப் படிப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

முதலாவது, பிரான்சிஸ் புக்கானன். மருத்துவர், தாவரங்களை ஆராய்ந்தவர். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800 ஏப்ரலில், கம்பெனி ஆட்சியின் உத்தரவுப்படி சென்னையிலிருந்து புறப்பட்டார். காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர், சாத்கர் என்று நம் பாலாற்றை ஒட்டியே மேற்கே ஏறி மைசூருக்குப் போனார். 1807இல் மூன்று பெரிய தொகுதிகளாக அச்சில் வந்தது. இணைய ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகப் படிக்கலாம். அவர் அரண்மனையைப் பார்த்து மயங்குகிறவர் அல்லர். ஊர் ஊராக நின்று, மண் எப்படி, ஏரி எப்படி, தறியில் என்ன ஓடுகிறது, கூலி என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறார். 1806இல் நம் கோட்டையில் சிப்பாய்கள் எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு இந்தச் சாலை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நெருக்கமான கண் கிடையாது.

இரண்டாவது, ஏனுகுல வீராசாமியின் காசி யாத்திரை. தெலுங்கு நூல். சென்னையில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1830 மே மாதம் பெரிய பரிவாரத்தோடு புறப்பட்டுத் திருப்பதி, கடப்பை, ஐதராபாத், நாகபுரி வழியாகக் காசிக்குப் போய், 1831 செப்டம்பரில் திரும்பினார். ரயில் இல்லாத காலம். வழியில் எங்கே நிழல் உண்டு, எங்கே நல்ல தண்ணீர், எந்தக் கடையில் அரிசி கிடைக்கும் என்று நண்பருக்கு எழுதிக்கொண்டே போகிறார். அந்த நண்பர்தான் பிறகு அதைப் புத்தகமாக்கினார். வேலூரில் தெலுங்கு படிக்கத் தெரிந்த வீடுகளுக்குக் குறைவா என்ன? பாட்டியைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

காட்பாடி சந்திப்பு

புக்கானனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கூர்மையான ஆள், மறுக்கவில்லை. ஆனால் புதிதாகப் பிடித்த நாட்டில் என்ன விளைகிறது, எவ்வளவு வரி எடுக்கலாம் என்று எசமானர்களுக்குச் சொல்லப் போனவர். மலைபடுகடாத்தின் கூத்தன் அடுத்த ஏழைக்கு வழி சொல்கிறான். புக்கானன் மேலிடத்துக்கு வழி சொல்கிறார். நூலகத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம் அது. மனம் கலங்கி இருக்கும் முதல் பயணத்தில் கூட வர வேண்டியது வீராசாமியும் கூத்தனும்தான்.

ரயில் இல்லாத காலம் என்றதும் நினைவு வருகிறது. தென்னிந்தியாவில் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து ஓடியது நம் வாலாஜா ரோட்டுக்குத்தான். வீராசாமி திரும்பிய பிறகு முழுதாக இருபத்தைந்து ஆண்டுகூட ஆகவில்லை. கௌகாத்தி ரயில் காட்பாடியிலிருந்து கிழக்கே திரும்பியதும் வாலாஜா ரோட்டைக் கடக்கும். பகலாக இருந்தால் அந்தப் பெண் சன்னலோரம் உட்கார்ந்து அந்த நிலையத்தைப் பார்க்கட்டும்.

கோட்டை அகழி

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் யாருக்காக எழுதினார் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் புக்கானனிடமும் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஓர் ஊருக்குள் நுழைந்ததும் கேள்வி கேட்கிற பழக்கத்தை அவரிடமிருந்துதான் நான் கற்றேன்.

திருவல்லத்தான்

அப்படியானால் வந்தியத்தேவனை எல்லாரும் இறக்கிவிட்டுவிட்டீர்கள்!

தறிச்சத்தம்

இறக்கவில்லை தம்பி. ஐந்து பாகமும் பெட்டியில் ஏறாது, அவ்வளவுதான். விடுமுறைக்கு வரும்போது படித்துக்கொள்வாள்.

பாலாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். ஏ.கே. செட்டியார் கட்டுரைகள், ராகுலின் 'ஊர்சுற்றிப் புராணம்', மலைபடுகடாம். காவிரி நூலை மாவட்ட மைய நூலகத்திலிருந்து எடுத்து வந்து இப்போதே படிக்கத் தொடங்கிவிட்டாள், புறப்படுவதற்குள் முடித்துவிடுவாளாம்.

மருமகள் உங்களிடம் கேட்கச் சொன்னவை இரண்டு. மலைபடுகடாத்துக்கு எந்த உரையை வாங்குவது? கௌகாத்திக்குப் போகும் முன் பர்வதமலையில் ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்கிறாள். யாராவது கூட வர முடியுமா?

நவிரமலை

மிக்க மகிழ்ச்சி. உ.வே.சா. பதிப்பில் நச்சினார்க்கினியர் உரை இருக்கும். அது பின்னாளில் படிக்க வேண்டியது. முதலில் பொ.வே. சோமசுந்தரனார் உரையை எடுங்கள், அடி அடியாகக் கையைப் பிடித்துக்கொண்டு போவார். மூலம் மட்டும் போதும் என்றால் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இருக்கிறது, கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

மலைக்கு நான் வருகிறேன். மேலே கடப்பாறைப் படி வரைக்கும் இப்போது என்னால் ஏற முடியாது, அடிவாரத்தில் இருந்து பாட்டைச் சொல்லி அனுப்புகிறேன். ஏறுவதற்கு ஜவ்வாது நடை தம்பி கூட வரட்டும். பௌர்ணமி அன்று கூட்டம் நெருக்கித் தள்ளும், அந்த நாளைத் தவிருங்கள்.

ஜவ்வாது நடை

வருகிறேன் ஐயா. பாலாற்றங்கரை, வேலூரிலிருந்து போளூருக்கு முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள், அங்கே நான் நிற்கிறேன். வெயில் ஏறுவதற்குள் பாதி மலையைத் தாண்டிவிட வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். தறிச்சத்தம் அக்காவும் வந்தால் நன்றாக இருக்கும்.

தறிச்சத்தம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறேன். தறிக்கு அன்றுதான் விடுமுறை.